சோறு தொடுகறியானால்

ஒரு நாள் உணவில் மாவுச்சத்து 130 கிராமுக்குள் அடங்கினால் அதைக் குறைமாவு உணவு என்று மருத்துவ நூல்கள் பொதுவாக வரையறுக்கின்றன. மாவுச்சத்து என்று இங்கே சொல்வதில் சர்க்கரையும் அடக்கம். 50 கிராமுக்கும் கீழே இறங்கினால் அது கீட்டோ. தமிழ்நாட்டில் ‘பேலியோ’ என்ற பெயரில் பரவியிருப்பது பெரும்பாலும் இவற்றின் ஒரு வகை. அதில் தானியத்தோடு பருப்பு வகைகளும் விலக்கப்படுகின்றன. பெயர்கள் கலந்து வழங்கினாலும் சமையலறையில் இவற்றுக்கிடையே உள்ள தூரம் பெரியது. 120 கிராம் திட்டத்தில் கொஞ்சம் சோறும் ஒரு கிண்ணம் பருப்பும் ஒரு கொய்யாவும் இருக்கலாம். 40 கிராம் திட்டத்தில் சோற்றுக்கு இடமே கிடையாது. வீட்டில் எல்லோரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு முதலாவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

இந்தியர்களுக்குக் கிடைக்கும் கலோரிகளில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு தரும் தகவல். நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக அதே ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. பெரியவர்களில் 11.4 சதவீதம். ஒரு தமிழ்நாட்டுச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே நிலவரம் புரியும். வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து உண்டு. மதியம் 400 கிராம் சோறு சாப்பிடுபவருக்கு அந்த ஒரு வேளையிலேயே 110 கிராம் சேர்ந்துவிடும். காலையில் நான்கு இட்லி, இரவில் மூன்று தோசை, நடுவில் சர்க்கரை போட்ட இரண்டு காபி என்று கூட்டினால் நாள் முடிவதற்குள் 200 கிராமைத் தாண்டிவிடுகிறது.

உண்ட மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் சேர்கிறது. அதைத் திசுக்களுக்குள் அனுப்பக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. மிஞ்சிய குளுக்கோஸ் கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் கிளைகோஜனாகச் சேமிக்கப்படும். அதற்கும் மேலே போனால் கொழுப்பாக மாறும். வரவு குறையும்போது உடல் முதலில் இந்தக் கிளைகோஜனைச் செலவழிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், அது கரையும்போது நீரும் வெளியேறிவிடும். முதல் வாரத்தில் தராசு இரண்டு கிலோ குறைத்துக் காட்டினால் பெரும்பகுதி நீர்தான், கொழுப்பு அன்று. நீரோடு உப்பும் போய்விடுவதால்தான் பலருக்குத் தலைவலி, சோர்வு, கால் பிடிப்பு வருகின்றன. உப்புப் போட்ட மோர், மிளகு ரசம், எலும்பு சூப் ஆகியவை இந்த நாட்களைக் கடக்க உதவும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறைமாவு முறை புதிதல்ல. லண்டனில் இறுதிச் சடங்கு நடத்தும் தொழில் செய்த வில்லியம் பாண்டிங், வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரின் அறிவுரைப்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தி எடை குறைத்தார். 1863-இல் அவர் வெளியிட்ட சிறு நூல் பரபரப்பாக விற்றது. 1922-இல் இன்சுலின் ஊசி நோயாளிகளுக்குக் கிடைப்பதற்கு முன்னால், மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைப்பதே நீரிழிவுக்கு இருந்த சிகிச்சை. 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காகக் கீட்டோ உணவை முன்மொழிந்தார். வலிப்பு மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத குழந்தைகளுக்கு அது இன்றும் மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கப்படுகிறது. 1972-இல் வந்த ராபர்ட் அட்கின்ஸின் புத்தகம் இதை எடைக் குறைப்புக்கான வெகுஜன முறையாக்கியது.

பலன் என்ன? இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் மாவுச்சத்தைக் குறைப்பதற்கு வலுவான சான்று இருப்பதாக அமெரிக்க நீரிழிவு சங்கம் 2019-இல் ஏற்றுக்கொண்டது. எடை விஷயத்தில் அத்தனை தெளிவு இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், குறைமாவுப் பிரிவினர் சராசரியாக 6 கிலோவும் குறைகொழுப்புப் பிரிவினர் 5.3 கிலோவும் குறைந்தார்கள். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரு பிரிவினருக்கும் சொல்லப்பட்ட பொது அறிவுரை ஒன்று உண்டு: காய்கறியை நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் மைதாவையும் விடுங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள். யாரால் எந்த முறையை ஆண்டுக்கணக்கில் கடைப்பிடிக்க முடிகிறதோ அதுவே அவருக்கு ஏற்ற முறை. கடைப்பிடிக்க வேண்டுமானால் சாப்பாடு ருசியாக இருந்தாக வேண்டும்.

முதலில் எதில் எவ்வளவு என்று தெரிய வேண்டும். இங்கேதான் தவறான நம்பிக்கைகள் அதிகம். கைக்குத்தல் அரிசி, சிவப்பரிசி, கோதுமை, கேழ்வரகு, தினை, சாமை, வரகு ஆகிய எதுவும் குறைமாவு உணவு அல்ல. சமைக்காத 100 கிராமில் வெள்ளையரிசிக்கு 78 கிராம் என்றால் இவற்றில் 60 முதல் 76 கிராம் வரை மாவுச்சத்து இருக்கிறது. நார்ச்சத்தும் தாதுக்களும் கூடுதல் என்பதால் வெள்ளையரிசியைவிட நல்லவைதான். ஆனால் இரவில் சோற்றை நிறுத்திவிட்டு நான்கு சப்பாத்தி சாப்பிடுபவர் மாவுச்சத்தைக் குறைக்கவே இல்லை. நாட்டுச் சர்க்கரை, பனைவெல்லம், தேன் மூன்றும் உடலுக்குள் போனால் சர்க்கரையே. காய்களில், மண்ணுக்கு மேலே காய்ப்பவற்றில் குறைவு, மண்ணுக்குள் விளைபவற்றில் அதிகம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். உருளையில் 100 கிராமுக்கு 17, மரவள்ளியில் 38. விலக்குகளும் உண்டு: முள்ளங்கி மண்ணுக்குள் விளைந்தாலும் 4 கிராமுக்குள்தான், வாழைக்காயும் பச்சைப் பட்டாணியும் சோளமும் மேலே காய்த்தாலும் மாவு மிகுந்தவை. புடலை, பீர்க்கை, சுரை, வெண்பூசணி, கத்திரி, வெண்டை, முட்டைக்கோஸ், கீரைகள் எல்லாம் 3 முதல் 7 கிராமுக்குள் அடங்கும்; அதிலும் ஒரு பகுதி நார். கோழி, மீன், ஆட்டிறைச்சி, நெய், எண்ணெய் ஆகியவற்றில் மாவுச்சத்து அறவே இல்லை. முட்டை ஒன்றில் ஒரு கிராமுக்கும் குறைவு.

புளியைக் கண்டு அஞ்சுகிறவர்கள் உண்டு. புளியில் 100 கிராமுக்கு 62 கிராம் மாவுச்சத்து என்று பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் நால்வருக்கான குழம்பில் கரைக்கும் நெல்லிக்காய் அளவுப் புளி 10 கிராம்தான் இருக்கும். தலைக்கு ஒன்றரை கிராம். சின்ன வெங்காயமும் அப்படியே. சேர்மானங்களைக் கணக்குப் பார்த்து ருசியைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை; கணக்குப் பார்க்க வேண்டியது இலையின் நடுவில் குவியும் சோற்றை.

தமிழ்ச் சமையலில் பொரியல், கூட்டு, அவியல், மசியல், வறுவல் எல்லாம் சோற்றை உள்ளே தள்ளுவதற்கான துணையாகவே அளவிடப்படுகின்றன. அதனால்தான் ஒரு கரண்டி பொரியல், ஒரு கரண்டி கூட்டு. சோற்றைப் பாதியாக்கிவிட்டு இந்தக் கரண்டிக் கணக்கை மாற்றாமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில் பசிக்கும். அந்தப் பசி பிஸ்கட் டப்பாவிடம் கொண்டுபோய் நிறுத்தும். குறைமாவுச் சமையலின் அடிப்படை இந்த விகிதத்தைத் தலைகீழாக்குவது. அரைக் கிண்ணம் சோறு, 200 கிராம் பொரியல், ஒரு கிண்ணம் கூட்டு, இரண்டு துண்டு மீன் அல்லது இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் தயிர் என்று பரிமாறினால் வயிறு நிறையும். மொத்த மாவுச்சத்தோ 60 கிராமைத் தாண்டாது.

ஆனால் துணைக்கறியாகச் செய்த பொரியலை அப்படியே இரண்டு மடங்காக்கினால் சாப்பிட முடியாது. சோற்றோடு பிசைவதற்காக உப்பும் காரமும் தூக்கலாகப் போட்டிருப்பார்கள். தனியாகச் சாப்பிடும்போது இரண்டையும் கால் பங்கு குறைத்து, தேங்காய்த் துருவலையும் எண்ணெயையும் சற்றுக் கூட்ட வேண்டும். கடைசியில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் காயின் ருசி எழும். காயை நீர் தெளித்து மூடி வேகவைப்பதைவிட அகன்ற இரும்பு வாணலியில் பரப்பி, நல்ல சூட்டில், மூடாமல் வதக்குவது மேல். அரைக் கிலோ வெண்டைக்காயை ஒரே தடவையில் கொட்டினால் அது தன் நீரிலேயே வெந்து வழவழக்கும். இரண்டு தவணையாக வதக்கினால் ஓரங்கள் சிவந்து மொறுமொறுக்கும். உப்பு கடைசியில்தான். முதலிலேயே போட்டால் காய் நீர்விட்டுச் சூடு இறங்கிவிடும். கத்திரிக்காய் மட்டும் விலக்கு: நறுக்கி உப்புப் பிசிறிக் கால் மணி நேரம் வைத்துப் பிழிந்துவிட்டு வதக்கினால் எண்ணெயைக் குடிப்பது குறையும்.

சோற்றுக்குப் பதிலாகத் துருவி வதக்கும் காலிஃபிளவர் சோற்றுக்கும் ஈரத்தைப் போக்குவது என்ற இதே பாடம்தான். பலர் ஒருமுறை செய்துவிட்டுக் கஞ்சியாகிவிட்டது என்று கைவிடுகிறார்கள். புழுவுக்காக மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் பூவை முழுசாகவே ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, துணியில் ஈரம் போக உலர்த்திய பிறகே துருவ வேண்டும். துருவலை மீண்டும் துணியில் கட்டிப் பிழிந்தால் கண்முன்னே நீர் சொட்டும். வாணலியில் நெய் காய்ந்து கடுகு, உளுந்து, கறிவேப்பிலை வெடித்ததும் துருவலைக் கொட்டி, கிளறியபடி நான்கைந்து நிமிடம் வதக்கினால் உதிரி உதிரியாக நிற்கும். மூடி போடக் கூடாது. 250 கிராம் பூவில் 12 கிராம் மாவுச்சத்துதான். நாரைக் கழித்தால் எட்டுக்கும் குறைவு. எலுமிச்சை, தேங்காய், தயிர் ஆகிய மூன்றுக்கும் இது நன்றாகப் பொருந்தும். சாம்பாரும் ரசமும் ஊற்றினால் சொதசொதத்துப்போகும். அவற்றைக் கிண்ணத்தில் தனியாகக் குடிப்பதே சரி.

குழம்புகளில் கவனிக்க வேண்டியது கெட்டிப்படுத்தும் பொருள். பொட்டுக்கடலை, அரிசி மாவு, சோள மாவு ஆகியவற்றுக்குப் பதில் தேங்காய், கசகசா, வறுத்த வேர்க்கடலை போதும். தேங்காயில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 15. அதில் 9 கிராம் நார். கன்னியாகுமரி மாவட்டத்தின் நெத்திலி அவியல் இந்த முறைக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது: தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைப்பு, மாங்காய்ப் புளிப்பு, மீன், தேங்காய் எண்ணெய். காய்கறி அவியலில் சேனையையும் வாழைக்காயையும் விட்டு முருங்கை, புடலை, வெள்ளரி, கத்திரி என்று மாற்றினால் ருசி குறையாது. கூட்டில் பாசிப்பருப்பைப் பாதியாக்கிக் காயை இரட்டிப்பாக்கலாம். மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி போன்ற விலை குறைந்த மீன்களில்தான் ஒமேகா-3 கொழுப்பும் அதிகம். வஞ்சிரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எண்ணெயைப் பொறுத்தவரை ஒன்றையே பிடித்துக்கொள்ளாமல் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் என்று மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும் நிறைகொழுப்பு மிகுதி. மாவுச்சத்து குறைந்துவிட்டது, இனி வெண்ணெயை அள்ளிச் சாப்பிடலாம் என்ற உற்சாகம் சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவிடுகிறது. 2018-இல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வந்த பெரிய ஆய்வும் இதையொட்டி ஒரு தகவலைத் தருகிறது: மாவுச்சத்தின் இடத்தை இறைச்சி, விலங்குக் கொழுப்பு கொண்டு நிரப்பியவர்களிடம் இறப்பு விகிதம் கூடுதலாகவும், கொட்டைகள் போன்ற தாவரப் புரதம், தாவரக் கொழுப்பு கொண்டு நிரப்பியவர்களிடம் குறைவாகவும் காணப்பட்டது.

மிகக் கடினமான வேளை காலைதான். இட்லி, தோசை, பொங்கல், உப்புமா, பூரி எல்லாமே மாவு. நான்கு இட்லிக்குப் பதில் ஒரு இட்லியும் இரண்டு முட்டையும் என்பது எளிய தொடக்கம். முட்டையை அடித்து, சின்ன வெங்காயம், தேங்காய்த் துருவல், மிளகு, கறிவேப்பிலை சேர்த்துத் தோசைக்கல்லில் மெல்லிசாக ஊற்றினால் வேர்க்கடலைச் சட்னிக்கு ஏற்ற இணை கிடைக்கும். அரிசி சேர்க்காமல் ஊறவைத்த பாசிப்பயறும் இஞ்சியும் அரைத்து வார்க்கும் பெசரட்டு ஒன்றோ இரண்டோ 130 கிராம் திட்டத்துக்குள் அடங்கும். பாதாம் மாவிலும் தேங்காய் மாவிலும் தோசை, சப்பாத்தி செய்யும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. இவற்றில் பசைத்தன்மை இல்லை, அரிசி உளுந்து மாவைப் போலப் புளித்துப் பொங்குவதும் இல்லை. முட்டையோ இசப்கோல் உமியோ சேர்த்துத்தான் பிடிக்கவைக்க முடியும். கிடைப்பது தோசை போன்ற ஒன்று. நாக்கு அசல் தோசையை எதிர்பார்த்து ஏமாறும். பதிலிகளைத் தேடி அலைவதைவிட, எப்போதுமே நன்றாக இருந்த முட்டைத் தொக்கு, பனீர்ப் பொடிமாஸ், கீரை மசியல், சுண்டல் ஆகியவற்றைக் காலைக்குக் கொண்டுவருவது நல்லது. நாளடைவில் அலுக்காது.

சைவம் சாப்பிடுபவர்கள் புரதத்தை முதலில் கவனிக்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் புரதம் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராம். பனீர், தயிர், சோயா, வேர்க்கடலை, பாதாம், பருப்பு ஆகியவை கலந்துதான் அது நிறையும். பருப்பில் மாவுச்சத்து உண்டு என்றாலும் நாரும் புரதமும் சேர்ந்திருப்பதால் சர்க்கரையை மெதுவாகவே ஏற்றுகிறது. கீட்டோவைத் தேர்ந்தெடுக்காத சைவர் பருப்பை விலக்கக் கூடாது. கொழுப்பு நீக்காத எருமைப்பால் ஒரு லிட்டரைக் காய்ச்சி எலுமிச்சை பிழிந்தால் வீட்டிலேயே ஏறக்குறைய 200 கிராம் பனீர் கிடைக்கும். கடையில் வாங்குவதைவிட மிருதுவாகவும் இருக்கும்.

செலவைப் பற்றிப் பேசாமல் இந்த உணவுமுறையைப் பேசுவது நியாயமில்லை. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2011 முதல் அரிசி இலவசம். முட்டை, மீன், காய்கறி எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பத்திடம் பாதாமும் அவகேடோவும் சாப்பிடச் சொல்வது உதவாத அறிவுரை. நல்லவேளையாக அவை அவசியமும் இல்லை. வேர்க்கடலையில் 100 கிராமுக்குப் புரதம் 26, மாவுச்சத்து 16. அதில் பாதி நார். பாதாமுக்கு இது எந்த வகையிலும் இளைத்ததல்ல, விலையோ பாதாமின் ஒரு சிறு பகுதி. முட்டை, மத்தி, முருங்கைக்கீரை, வேர்க்கடலை, தயிர் என்று ஐந்தையும் வைத்தே நல்ல குறைமாவுச் சமையல் நடத்தலாம்.

இனிப்பில் சிறந்த வழி நாக்கை மெல்ல மாற்றுவதே. காபியில் வாரம் கால் கரண்டி சர்க்கரை குறைத்து வந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் சர்க்கரை இல்லாத காபி பழகிவிடும். சீனித்துளசியும் எரித்ரிட்டாலும் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை; ‘சுகர் ஃப்ரீ’ என்று அச்சிட்ட பிஸ்கட்டிலோ மைதா இருக்கவே செய்கிறது. பழத்தில் கொய்யா, நெல்லி, பப்பாளி ஏற்றவை. பழுத்த வாழைப்பழத்துக்கும் சப்போட்டாவுக்கும் அளவு வேண்டும்.

வெளியே சாப்பிட நேர்ந்தால் மிளகுக் கோழி, தந்தூரி, முட்டைப் பொடிமாஸ், ஆம்லெட் போன்றவை பெரும்பாலான ஓட்டல்களில் கிடைக்கும். சிவக்கப் பொரித்த சிக்கன் 65-இலும் கோபி மஞ்சூரியனிலும் சோள மாவு பூச்சு உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் அவியலையும் பொரியலையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டால் பரிமாறுபவருக்கும் மகிழ்ச்சியாகவே இருக்கும்.

தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய எச்சரிக்கைகள் விளையாட்டானவை அல்ல. இன்சுலின் போடுபவரும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவரும் மருந்தளவைக் குறைக்காமல் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மயங்கி விழலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், சர்க்கரை அளவு அதிகமாகத் தெரியாமலேயே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் தாமாக இதில் இறங்கவே கூடாது. மற்றவர்களும் தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் எச்பிஏ1சி (சராசரி இரத்தச் சர்க்கரை), கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாடு) ஆகிய மூன்றையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. தினசரி மாத்திரை எதுவாக இருந்தாலும், சோற்றைக் குறைக்கும் முதல் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.